எண்ணெய்க்கு ஜலதோஷம்

எங்கள் பாட்டிக்கு உலகத்திலுள்ள வியாதிகளுக்கெல்லாம் ஒரே காரணம்தான் தெரியும். அது சூடு. கண் சிவந்தால் சூடு. வாயில் புண் வந்தால் சூடு. கணக்குப் பரீட்சையில் மார்க் குறைந்தால்கூட, "பையனுக்கு மண்டையில் சூடு ஏறியிருக்கிறது" என்பாள். காரணம் ஒன்றானபடியால் மருந்தும் ஒன்றுதான். சனிக்கிழமை காலையில் என்னை மணையில் உட்காரவைத்து, உச்சந்தலையில் ஒரு கரண்டி நல்லெண்ணெயை ஊற்றி, 'சப் சப்'பென்று அறைவாள். எண்ணெயைப்போலக் குளிர்ச்சியான வஸ்து கிடையாது என்பது அவளுடைய சித்தாந்தம்.

அந்தப் பாட்டியிடம் போய், "பாட்டி, எண்ணெயையே குளிரவைப்பதற்கு ஒரு சாமான் விற்கிறார்கள். அதை வாங்கி என் காருக்கு மாட்டப்போகிறேன்" என்று சொல்லியிருந்தால், எனக்குத்தான் இன்னொரு கரண்டி எண்ணெய் வைத்திருப்பாள். வைத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

என்னிடம் இருப்பது 1984-ம் வருஷத்து அம்பாஸடர்; மார்க் 4; 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். அம்பாஸடர் கார்கள் செய்வதையே 2014-ல் நிறுத்திவிட்டார்கள். ஆகையால் இந்த வண்டியை வைத்திருப்பவனை உலகம் இரண்டு விதமாகப் பார்க்கிறது. பாதிப் பேர் பழமையைப் போற்றும் ரசிகன் என்கிறார்கள். மீதிப் பேர் புதுக் கார் வாங்க வக்கில்லாதவன் என்கிறார்கள். இரண்டு அபிப்பிராயங்களிலும் உண்மை இருப்பதால் நான் யாருடனும் சண்டைக்குப் போவதில்லை.

வாசம் கோட்டக்குப்பத்தில். புதுச்சேரியிலிருந்து வடக்கே முத்தியால்பேட்டையைத் தாண்டி வந்தால், எங்கே புதுச்சேரி முடிந்தது, எங்கே எங்கள் ஊர் ஆரம்பித்தது என்பது புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. 1954 நவம்பர் முதல் தேதி வரையில் இங்கே ஊர் மட்டும் அல்ல, ராஜ்யமே மாறியது. அந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. இந்தப் பக்கம் விழுப்புரத்தைச் சேர்ந்த நம்முடைய சீமை. இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை இரண்டையும் தைத்துக்கொண்டு போகிறது. அந்தச் சாலையோரத்தில்தான் நம்முடைய பாயின் ஒர்க் ஷாப். ஒரு தகரக் கொட்டகை, ஒரு வேப்பமரம், நாலு கார், இரண்டு பையன்கள். பாயின் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "பாய்னு எழுதுங்க சார், போதும். இந்த ஊர்ல யாருன்னு எவனுக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வீடு பாய்கள் இருக்கிற ஊர்.

அவருடைய தகப்பனார் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே பாண்டியில் ஸ்பானர் பிடித்தவர். சிட்ரோனும் பெஜோவும் பிரித்துப் பூட்டியவர். ஆகவே பாய்க்கு மோட்டார் ஞானம் பரம்பரைச் சொத்து.

விஷயம் ஆரம்பித்தது ஒரு கத்திரி வெயிலில். சென்னையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். சாலை அருமையான சாலை. அதுதான் விபரீதத்துக்கு வித்து. இந்த எஞ்சின் ஒரு காலத்து எஞ்சின். அறுபது மைல் போனால் நாலு ரயில்வே கேட், நாற்பது மாட்டு வண்டி, இரண்டு இடத்தில் காப்பி என்ற கணக்கில் ஓடிக்கொண்டிருந்த வம்சம். அதற்கு நடுநடுவே மூச்சு விட அவகாசம் கிடைத்தது. கடற்கரைச் சாலையிலோ தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் மிதித்த கால் மணிக்கணக்காக மிதித்தபடியே இருக்கும்.

மரக்காணத்துக்குள் நுழைந்ததும் ஜனநெரிசல். வண்டியை நிதானப்படுத்தினேன். வண்டி நின்றாலும் இருபதில் நிற்கவேண்டிய ஆயில் பிரஷர் முள், பத்துக்கும் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. தண்ணீர்ச் சூடு காட்டும் முள்ளோ ஒன்றும் அறியாததுபோல் நடுவில் நின்றது. வேப்பமர நிழலில் கால் மணி நேரம் வண்டியை நிறுத்தி, அப்புறம் மாட்டு வண்டி வேகத்தில் வீடு வந்து சேர்ந்தேன்.

சென்னையில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் கார்ப் பந்தயம் நடந்த காலத்தில் ஒரு பந்தயம் விடாமல் பார்த்தவர். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வந்தது என்றாலும், அவர் மனம் சோழவரத்திலேயே நின்றுவிட்டது. அவரிடம் டெலிபோனில் நடந்ததைச் சொன்னேன்.

"பைத்தியக்காரா! ஆயில் கூலர் போடு" என்றார். "உன் எஞ்சினுடைய ஜாதகம் தெரியுமா? இங்கிலாந்தில் பி.எம்.சி. கம்பெனி செய்த 'பி' வரிசை எஞ்சின். 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே 1489 சி.சி.தான். அந்த வம்சத்தில் பின்னால் வந்த எம்.ஜி.பி.க்குத் தொழிற்சாலையிலேயே ஆயில் கூலர் வைத்தான். அண்ணன் தம்பிக்கெல்லாம் இருக்கிறது. உன் பிள்ளைக்கு மட்டும் வேண்டாமா?"

என் அம்பாஸடருக்கு ஸ்போர்ட்ஸ் காருடன் இரத்த சம்பந்தம் உண்டு என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. பணக்காரச் சொந்தக்காரன் இருப்பதாகத் திடீரென்று தெரியவந்த ஏழைக் குமாஸ்தாவின் கர்வம்.

எஞ்சினைக் குளிரவைப்பது ரேடியேட்டர் தண்ணீர் என்றுதான் அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. பெட்ரோல் எரிந்து பிறக்கிற சக்தியில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது நாலில் ஒரு பங்கு. மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. பாக்கியெல்லாம் வெறும் சூடு. அதில் கொஞ்சம் புகைக்குழாய் வழியாகப் போகிறது. கொஞ்சத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. ஆனால் பிஸ்டனின் அடிவயிறு, கிராங்க் சுழலுகிற பேரிங்குகள் முதலிய இடங்களுக்குத் தண்ணீர் போவதில்லை. அங்கே எண்ணெய்தான் போகிறது. வழவழப்புக் கொடுப்பதோடு சூட்டையும் வாரிக்கொண்டு வருகிறது. வாரி வந்த சூட்டை இறக்கிவைக்க இடம் இல்லாவிட்டால் எண்ணெயே கொதிப்பெடுத்து இளகிவிடுகிறது. 20டபிள்யூ-50 என்று டப்பாவில் போட்டிருக்கிறதே, அந்த எண்ணெய் நாற்பது டிகிரிச் சூட்டில் இருக்கிற கெட்டியில், நூறு டிகிரியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். நூற்று முப்பதைத் தாண்டினால் கெட்டியும் போய், எண்ணெயின் ஆயுளும் வேகமாகக் கரையும். பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே இருப்பது தலைமயிரைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம். அது அறுந்தால் இரும்பும் இரும்பும் உரசும். அப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

ஆயில் கூலர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். பில்ட்டருக்குப் போகிற எண்ணெயை நடுவழியில் மறித்து, ஒரு ஹோஸ் வழியாக வண்டியின் மூக்குக்குக் கொண்டுபோய், காற்றில் ஆறவைத்து, இன்னொரு ஹோஸ் வழியாகத் திருப்பி அனுப்புவது. நம் வீட்டில் டபராவில் காப்பியை ஆற்றுகிறோமே, அதே தத்துவம்.

கூலரைத் தபாலில் வரவழைத்து, பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு பாயிடம் போனேன். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தண்ணிச் சூடு முள்ளுல தெரியுது சார். எண்ணெய்ச் சூடு எவ்வளவு இருந்துச்சு?"

"அதற்குத்தான் முள் கிடையாதே!"

"அப்போ எண்ணெய் சூடாவுதுன்னு எப்படிச் சொல்றீங்க? பேரிங் தேஞ்சிருந்தாலும் முள்ளு எறங்கும். பம்ப்பு தேஞ்சிருந்தாலும் எறங்கும். முள்ளே பொய் சொல்லலாம். ரேடியேட்டர் அடைச்சிருக்கான்னு பாத்தமா? காய்ச்சல் இருக்கான்னு பாக்காமயே மாத்திரை போட்டா எப்படி?"

முதலில் எண்ணெய்ச் சூட்டைப் பார்க்க ஒரு கேஜ் வைக்கவேண்டும், ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றார். அப்படிக் கூலர் போடுவதானாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடக்கூடாது என்றார்.

"அது என்ன?"

"கதவு சார். உள்ளே மெழுகு இருக்கும். எண்ணெய் எண்பது டிகிரி வர்ற வரைக்கும் கதவு சாத்தியிருக்கும். எண்ணெய் கூலருக்குப் போவாம அப்படியே திரும்பிடும். சூடு ஏறினா மெழுகு உருகி விரிஞ்சு கதவைத் தள்ளும். எங்க அத்தா வோக்ஸ்வாகன் பிரிக்கும்போது காட்டுவாரு. அந்த வண்டியில கம்பெனியிலேயே கூலர் உண்டு. எண்ணெய் குளிர்ந்து கெட்டியா இருந்தா, கூலரைத் தொடாம நேரா பேரிங்குக்குப் போறதுக்கு ஒரு வால்வு வச்சிருப்பான். கூலர் கண்டுபிடிச்சவனே அது எப்பவும் வேலை செய்யக்கூடாதுன்னு நெனச்சிருக்கான் பாருங்க!"

தெர்மோஸ்டாட், கேஜ், நல்ல ஹோஸ் எல்லாம் சேர்த்துக் கூலர் விலைக்குமேல் ஆயிற்று. ஒரு வாரம் காத்திருக்கவும் வேண்டும். நானோ நாவலாசிரியன். முதல் அத்தியாயத்தில் வியாதி வந்தால் இரண்டாம் அத்தியாயத்தில் குணமாகவேண்டும் எனக்கு. 'மனிதர் வேலையை வளர்த்துகிறார்' என்று மனத்துக்குள் ஒரு முடிவு கட்டிக்கொண்டேன். அடுத்த வாரம் சென்னைக்குப் போனபோது, பளிங்குத் தரை போட்ட ஒரு ஒர்க் ஷாப்பில் வண்டியை விட்டேன். மூன்று மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். கேஜ் கிடையாது, தெர்மோஸ்டாட் கிடையாது, கேள்வியும் கிடையாது.

அன்று திரும்பி வரும்போது பிரஷர் முள் ராஜாவைப்போல் நிமிர்ந்து நின்றது. மரக்காணத்திலும் படுக்கவில்லை. பாயின் கொட்டகை வாசலில் வேண்டுமென்றே வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து காட்டினேன். அவர் எட்டிப் பார்த்து, "நல்லாருக்கு சார்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தோல்வியை ஒப்புக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகையில் அடைமழை. நான் எங்கும் தூரப் போகவில்லை. கடைத்தெருவுக்கும் புதுச்சேரிக்குமாகத் தினம் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டம். பிரஷர் முள் முன்னைவிட உயரத்தில் நின்றது. அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஒரு நாள் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால், உள்ளே மோரில் கடைந்தெடுத்த வெண்ணெய்போலப் பழுப்பும் வெளுப்புமாக ஒரு பசை ஒட்டியிருந்தது. பதறிப்போய்ப் பாயிடம் ஓடினேன்.

அவர் விரலால் வழித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பயப்படாதீங்க. கேஸ்கட் போவல. எண்ணெய்க்குச் சளி பிடிச்சிருக்கு."

எண்ணெய்க்கு ஜலதோஷம்! வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். வேடிக்கை இல்லை, வாஸ்தவம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. முக்காலே மூணு வீசம் ஆவியாகப் புகைக்குழாயில் போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எண்ணெய்க்குள் இறங்கும். எண்ணெய் போதுமான சூட்டில் இருந்தால் அந்தத் தண்ணீர் மறுபடி ஆவியாகி வெளியேறிவிடும். எண்ணெய் குளிர்ந்தே கிடந்தால் தண்ணீர் அங்கேயே தங்கி, எண்ணெயோடு கலந்து பசையாகி, நாளடைவில் எஞ்சினின் உள்ளுறுப்புகளை அரிக்கும். என் ஒற்றை முள் உயர்ந்து நின்றது ஆரோக்கியத்தால் அல்ல. எண்ணெய் கெட்டியாகி நகர மாட்டேன் என்று முரண்டு பிடித்ததால்.

"இப்போதைக்குக் கூலருக்கு முன்னாடி ஒரு அட்டை வச்சு மூடுங்க. வெயில் வந்தா எடுத்துடலாம்" என்றார். அப்புறம் குனிந்து பார்த்து, "அந்த ஹோஸ் தகர விளிம்புல ஒரசுது சார். ஒரு ரப்பர் வச்சுக்குங்க" என்றார்.

அட்டை வைத்தேன். என்னுடைய தொடர்கதை வெளிவந்த ஒரு பத்திரிகைக் கட்டுக்கு மேலும் கீழுமாக இருந்த கனத்த அட்டை. என் எழுத்தின் சம்பந்தத்தால் லோகத்தில் ஒரு ஜீவன் சூடு பெற்றது அதுவே முதல் தடவை. ஆனால் ரப்பர் வைக்கவில்லை. மறந்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். மறக்கவில்லை. 'தான் மாட்டாத வேலையில் குற்றம் கண்டுபிடிக்கத்தானே செய்வார்' என்று ஓர் எண்ணம். அந்த எண்ணத்தை இப்போது எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

மாசி மாதம், பாயின் மகளுக்குச் சென்னையில் பிரசவம் ஆயிற்று. ஏதோ சிக்கல் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தாயும் பிள்ளையும் சௌக்கியம். பன்னிரண்டாம் நாள் ஊருக்கு அழைத்துவரவேண்டும். அம்பாஸடரின் பின் ஸீட்டைப் போல விசாலமான இடம் இன்றைய கார்களில் எதில் இருக்கிறது? "நானே வருகிறேன்" என்றேன். பாய் தயங்காமல், "சரி சார்" என்றார்.

பின்னால் பாயின் சம்சாரம், மகள், மகள் மடியில் துணிப்பொட்டலம்போலக் குழந்தை. முன்னால் பாய். அட்டையை எடுத்தாயிற்று. நடுப்பகல் பன்னிரண்டரை மணிக்கு மரக்காணத்து உப்பளங்களை ஒட்டி வந்துகொண்டிருந்தோம். பாய் திடீரென்று மூக்கை உறிஞ்சினார்.

"சார், காலை எடுங்க. கியரை எடுத்து எஞ்சினை நிறுத்திடுங்க. இப்பவே!"

முள்ளைப் பார்த்தேன். அப்போதுதான் அது இறங்க ஆரம்பித்திருந்தது. முள்ளுக்கு முந்திக்கொண்டது மூக்கு. வண்டி தானாக உருண்டு ஓரத்தில் நின்றது. பின்னால் திரும்பிப் பார்த்தால், தார்ச் சாலையில் கறுப்பாக ஒரு கோடு எங்கள் வண்டி வரையில் நீண்டிருந்தது.

பாய் பானட்டைத் திறந்தார். கூலருக்குப் போகிற ஹோஸ், தகர விளிம்பில் உரசி உரசி, கத்தியால் கீறியதுபோல் பிளந்திருந்தது. அளவுகோலை உருவிப் பார்த்தார். நுனியில் மட்டும் எண்ணெய்.

"ரப்பர் வைக்கலியா சார்?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். 'அந்தப் பேனாவை எடுத்து வரவில்லையா?' என்று கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டார். அவர் சொன்ன பிறகு நான் வைத்திருப்பேன் என்று அவர் நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கையில்தான் பன்னிரண்டு நாள் பிள்ளையை என் வண்டியில் ஏற்றியிருக்கிறார். பின் ஸீட்டில் குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. "அத்தா, இங்க நெழலே இல்லியே" என்றாள் அந்தப் பெண். இரு பக்கமும் வெள்ளைப் பாத்திகள். உப்பளத்தில் மரம் ஏது?

பாத்திகளுக்கு நடுவே ஒரு கீற்றுக் கொட்டகை தெரிந்தது. அளத்தில் பொறுப்பாக இருந்த ஒரு பெரியவர் வரப்பின்மேல் வேகமாக வந்தார். விஷயத்தைக் கேட்கவே இல்லை. "கொழந்தைய மொதல்ல நெழலுக்குக் கொண்டாங்கம்மா" என்று முன்னால் நடந்தார். கொட்டகையில் ஒரு கயிற்றுக் கட்டில், பானைத் தண்ணீர், பக்கத்திலேயே உவர்நீர் இறைக்கும் பம்பு எஞ்சின். பெண்பிள்ளைகளைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, பம்பு எஞ்சினுக்காக வைத்திருந்த எண்ணெய் டப்பாவையும், சாமான் மூட்டையையும் பாயிடம் கொடுத்தார்.

பாய் வண்டிக்கடியில் படுத்தார். நான் செய்ய ஒரு வேலையும் இல்லை. குற்றவாளிக்கு வேலை இல்லாமல் இருப்பதைப்போல் தண்டனை வேறில்லை. அந்தப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

மரக்காணத்துக்கு உப்பு இன்று நேற்றையதல்ல. சங்க இலக்கியத்துச் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இதுதான் என்று பலர் கருதுகிறார்கள். இங்குள்ள பூமீசுவரர் கோயில் சோழர் காலத்தது. ஆனால் அன்று எனக்குச் சரித்திரம் கேட்கும் மனநிலை இல்லை. பெரியவர் கையில் ஒரு கண்ணாடிக் குழல் இருந்தது. கழுத்து மெலிந்து, அடியில் ஈயக் குண்டுடன், உள்ளே அளவுக் கோடுகளுடன். அதைப் பாத்தி நீரில் மிதக்கவிட்டுப் பார்த்தார்.

"இருபத்தஞ்சு வந்துட்டுது. இனிமே பூக்கும்" என்றார்.

"எதில் இருபத்தைந்து?"

சொன்னார். கடல் தண்ணீர் இந்தக் குழலில் மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். வெயிலில் பாத்தி பாத்தியாக நகர்த்தி நகர்த்தி ஏற்றவேண்டும். இருபத்தைந்துக்கு முன்னால் உப்பு விழாது. சுண்ணாம்புச் சத்துத்தான் படியும். இருபத்தைந்தில் உப்புப் பூக்க ஆரம்பிக்கும். இருபத்தொன்பது, முப்பது வந்தால் மிச்சத் தண்ணீரைத் திறந்து வெளியே விட்டுவிடவேண்டும். பேராசைப்பட்டு இன்னும் காயவிட்டால் கசப்பு உப்பும் சேர்ந்து படிந்து, வாரியதெல்லாம் வீணாகும்.

"வெயில் எவ்ளோ அடிச்சாலும் நல்லதுதான்னு வெளியாளு நெனப்பாங்க. அப்படி இல்லீங்க. இந்தக் கண்ணாடி இல்லாம நாங்க மடையத் தொறக்கமாட்டோம்" என்றார்.

இந்த டிகிரிக் கணக்கை ஏற்படுத்தியவர் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு ரசாயனக்காரர், வருஷம் 1768. ஒரு நாட்டு எல்லையில் நின்றிருந்த பிரெஞ்சுக் கொடி இறங்கி எத்தனையோ காலம் ஆயிற்று. பிரெஞ்சுக்காரரின் கண்ணாடிக் குழல் மட்டும் உப்பு வரப்பில் இன்னும் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. இருபத்தைந்துக்கும் முப்பதுக்கும் நடுவே ஒரு சின்ன இடம். அதில்தான் உப்பு. எழுதப் படிக்க அதிகம் தெரியாத மனிதர் அளந்து பார்க்காமல் மடை திறக்கமாட்டார். நாலு புஸ்தகம் எழுதிய நான் அளந்து பார்க்காமல் கூலர் மாட்டினேன்.

ஒரு மணி நேரத்தில் பாய் எழுந்தார். கூலரை முழுவதுமாக விலக்கிவிட்டு, கிழிந்த பாகத்தை அறுத்தெறிந்து, போகிற ஹோஸையும் வருகிற ஹோஸையும் ஒரு சாண் இரும்புக் குழாயால் இணைத்துக் கிளிப்பு போட்டு முடுக்கியிருந்தார். பம்பு எஞ்சின் எண்ணெயை ஊற்றினார். காயில் வயரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டு, பிரஷர் முள் எழும்புகிறதா என்று பார்த்தார். எழும்பியது. அப்புறம்தான் வயரை மாட்டி வண்டியை எழுப்பினார். பெரியவர் எண்ணெய்க்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். "கொழந்த மொத தடவயா ஊருக்கு வருது. போங்க" என்றார். அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் கோட்டக்குப்பம் வந்து சேர்ந்தோம். வழி நெடுக நான் பேசவில்லை. பாய் மட்டும் ஒருமுறை, "எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவல சார்" என்றார். நான் எஞ்சினைப் பற்றிக் கவலைப்படுவதாக அவர் நினைத்தாரா, அல்லது அப்படி நினைப்பதாகக் காட்டிக்கொண்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுவாரம் வண்டியைப் பாயின் கொட்டகையில் விட்டேன். "எத்தனை நாள் ஆனாலும் சரி" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

முதலில் கேஜ் வைத்தார். சம்ப்புக்குள் முனை நீட்டிக்கொண்டிருக்கும் கேஜ். கொரோனாக் காலத்தில் நம் நெற்றிக்கு நேராக நீட்டினார்களே, அதே மாதிரி ஒரு துப்பாக்கியைச் சம்ப்புக்கு நீட்டி, கேஜ் உண்மை சொல்கிறதா என்று ஒத்துப் பார்த்தார். கூலர் இல்லாமலே ஓட்டிப் பார்த்தோம். தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் நூற்று முப்பத்தைந்து டிகிரி. ரேடியேட்டரைக் கழற்றினால் பாதிக் குழல்கள் அடைத்திருந்தன. சுத்தம் செய்த பிறகு அதே வேகத்தில் நூற்று இருபத்தைந்து. எழுபதில் போனால் நூற்று ஐந்து.

"எழுபதுல போறதா இருந்தா உங்களுக்குக் கூலரே வேணாம். தொண்ணூறுல போகணும்னா வேணும். எப்படிப் போறீங்க?" என்றார். வைத்தியர் நோயாளியிடம், மருந்து வேண்டுமா, பத்தியம் வேண்டுமா என்று கேட்கிற தோரணை. இரண்டுமே இருக்கட்டும் என்றேன்.

தெர்மோஸ்டாட் வந்தது. கொதிக்கிற எண்ணெயைத் தாங்கும் ஹோஸ், முனைகளில் மரை போட்டது, வந்தது. கூலரை ரேடியேட்டரோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு வைத்தார். வாய்கள் மேலே பார்க்கும்படி வைத்தார். இல்லாவிட்டால் உள்ளே காற்று தங்கிவிடுமாம். நாலு மூலையிலும் ரப்பர். அதிர்ச்சியில் விரிசல் விடாமலிருக்க மட்டும் அல்ல. உப்புக் காற்றில் அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். ஹோஸ் தகரத்தைக் கடக்கிற இடத்தில் தடியாக ஒரு ரப்பர் வளையம். அதை மாட்டும்போது என்னைக் கூப்பிட்டு, "இதை நீங்க மாட்டுங்க சார்" என்றார். மாட்டினேன். அரை நிமிஷ வேலை.

கூலரும் ஹோஸும் குடித்ததுபோக, எண்ணெய் அரை லிட்டருக்கு மேல் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நல்ல தண்ணீரால் கூலரைக் கழுவவேண்டும் என்பது பாயின் கட்டளை. இல்லாவிட்டால் எங்கள் கடற்காற்று அதன் இடுக்குகளில் அளம் போட்டு உப்பு விளைவித்துவிடும். கழுவுகிறேன். இப்போது கேஜின் முள், மழையானாலும் கத்திரியானாலும், தொண்ணூறுக்கும் நூற்றுப்பத்துக்கும் நடுவில் நிற்கிறது.

போன வாரம் பாய் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரன் இப்போது நடக்கிறான். என் வண்டியின் ஹாரன்மீது அவனுக்கு அபார ஆசை. அவன் பாட்டி அவனை முற்றத்தில் உட்காரவைத்து, தலையில் எண்ணெய் வைத்து, 'சப் சப்'பென்று அறைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் அண்டாவில் தண்ணீர் ஆவி பறந்தது.

அந்த ஆவியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பாட்டியும் எண்ணெய் தேய்த்துவிட்டுச் சும்மா விட்டாளா? வெந்நீரைத்தானே ஊற்றுவாள்! "எண்ணெய் தேய்த்துக்கொண்டு பச்சைத் தண்ணீரில் குளித்தால் ஜலதோஷம் பிடிக்கும்" என்று வாரம் தவறாமல் சொல்வாளே! ஊற்றுவதற்கு முன் முழங்கையைத் தண்ணீரில் விட்டுச் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாளே!

கேஜும் தெர்மோஸ்டாட்டும் பாட்டியிடமே இருந்திருக்கின்றன. நான்தான் அவள் சொன்னதில் பாதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள உப்பளம் வரையில் போகவேண்டியதாயிற்று.